யார் கை பட்டாலும்

திருச்சியில் 'தூய்மை' என்ற சொல் மூன்று இடங்களில் புழங்குகிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில், அதற்கு மடி, ஆசாரம், தீட்டு என்று பொருள். ஆற்றுக்கு இந்தப் பக்கம், மாநகராட்சியில், அது ஒரு வேலையின் பெயர். துப்புரவுப் பணியாளர் என்று இருந்ததை இப்போது தூய்மைப் பணியாளர் என்கிறார்கள். பேரு மாறிருச்சு. கையில இருக்கிற தொடப்பமும் மாறல, அதைப் பிடிக்கிற சாதியும் மாறல. மூன்றாவது இடம் ஆய்வுக்கூடம். அங்கே தூய்மைக்கு ஓர் எண் உண்டு. அதை நோட்டில் எழுதி வைக்கிறார்கள்.

இந்த மூன்றாவது தூய்மையைப் பற்றி நம் பத்திரிகைகளில் யாரும் எழுதுவதில்லை. கவிதை எழுதுகிறோம், தன்வரலாறு எழுதுகிறோம், புராணங்களை மறுவாசிப்பு செய்கிறோம். இயற்பியல் என்று வந்தால் அது அவர்கள் வீட்டுச் சொத்து என்று ஒதுங்கிக்கொள்கிறோம். நான் படித்தது எம்.ஏ. தமிழ். எனக்கு அந்தப் பக்கம் ஒரு கதவு திறந்தது எங்கள் தெருப் பெண் ஒருத்தியால்.

அவள் எம்.எஸ்ஸி. இயற்பியல் முடித்து, வெளியூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தாள். இப்போது டாக்டர் பட்டமும் வாங்கிவிட்டாள். "பேரப் போடாதீங்கக்கா, நாளைக்கு வேலைக்குப் போகணும்" என்று சொன்னதால் பெயரை எழுதவில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் எங்கள் இரவுப் பாடசாலைக்கு வந்து பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வாள். ஒருமுறை, தன் ஆராய்ச்சியையே பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும், தமிழாக்கிக் கொடுங்கள் என்று கேட்டாள். நானும் அவளும் உட்கார்ந்து சொல் சொல்லாகத் தேடினோம். மீக்கடத்தி என்ற சொல் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே இருந்தது. 'ஸ்பட்டரிங்' என்பதற்குத்தான் திண்டாட்டம். கடைசியில் தெறிப்புப் படிவு என்று வைத்துக்கொண்டோம். அணுவைத் தெறிக்க வைப்பது, தெறித்ததைப் படிய வைப்பது. வேலை அவ்வளவுதான்.

அவள் பிள்ளைகளுக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கம்பியில் மின்சாரம் ஓடும்போது கம்பி சூடாகிறது. அந்தச் சூடு வீணாய்ப் போன மின்சாரம். அதற்குக் காரணம் உலோகத்தில் இருக்கும் தடை. 1911இல் ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் காமர்லிங் ஓன்னஸ் என்பவர் பாதரசத்தைக் குளிர வைத்துக்கொண்டே போனார். 4.2 கெல்வினில், அதாவது மைனஸ் 269 டிகிரியில், தடை அடியோடு காணாமல் போனது. அப்படித் தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் பொருள்தான் மீக்கடத்தி. நியோபியம் என்ற உலோகம் 9.2 கெல்வினிலேயே மீக்கடத்தி ஆகிவிடும். சாதாரண அழுத்தத்தில் எந்தத் தனிமமும் இதைவிட அதிக வெப்பநிலையில் அப்படி ஆவதில்லை. 1987இல் இட்ரியம், பேரியம், தாமிரம், ஆக்சிஜன் நான்கும் சேர்ந்த ஒரு பீங்கான், 90 கெல்வினுக்கு மேலேயே மீக்கடத்தி ஆவதை அமெரிக்காவில் கண்டுபிடித்தார்கள். அதுவரை விலை உயர்ந்த திரவ ஹீலியம் தேவைப்பட்ட வேலைக்கு, 77 கெல்வினில் கொதிக்கிற, மலிவான திரவ நைட்ரஜனே போதும் என்று ஆனது. அதே 1987இல்தான் ஸ்ரீரங்கத்தின் ராஜகோபுரம் 13 நிலைகளோடு 236 அடி உயரத்துக்கு எழும்பிக் குடமுழுக்கு கண்டது. எங்கள் ஊரில் 1987 என்றால் கோபுரத்தைத்தான் சொல்வார்கள்.

எங்கள் பெண்ணின் வேலை நியோபியத்தில். சின்னச் சிலிக்கான் துண்டின் மேல் நியோபியத்தை 200 நானோமீட்டர் கனத்துக்குப் படிய வைக்க வேண்டும். தலைமுடியின் கனத்தில் சில நூறில் ஒரு பங்கு. தூரிகையால் பூச முடியாது. துருப்பிடிக்காத எஃகில் செய்த ஒரு கலம். அதற்குள் ஒரு பக்கம் நியோபியத் தகடு, எதிரே சிலிக்கான் துண்டு. கலத்தில் இருக்கும் காற்றை எல்லாம் பம்பு வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, மிகக் கொஞ்சமாக ஆர்கான் வாயுவை விடுகிறார்கள். தகட்டுக்குச் சில நூறு வோல்ட் எதிர்மின்னழுத்தம் கொடுத்தால் ஆர்கான் அணுக்கள் எலக்ட்ரானை இழந்து அயனிகளாகின்றன. கலத்துக்குள் ஊதா நிறத்தில் ஒளி பூக்கிறது. அந்த அயனிகள் தகட்டின் மேல் பாய்ந்து மோதுகின்றன. மோதிய வேகத்தில் நியோபிய அணுக்கள் தெறித்து எதிரே இருக்கும் துண்டின் மேல் போய் ஒட்டுகின்றன. "கேரம்ல ஸ்ட்ரைக்கர் காயை அடிச்சுச் செதற வைக்கிற மாதிரிடா" என்றாள். பையன்களுக்குச் சட்டென்று புரிந்தது. மின்னொளி பூக்கும் குழாய்க்குள் உலோகம் இப்படித் தெறித்துப் படிவதை 1852இலேயே குரோவ் என்ற வேல்ஸ்காரர் பார்த்து எழுதியிருக்கிறார். தகட்டுக்குப் பின்னால் காந்தங்களை வைத்து எலக்ட்ரான்களைத் தகட்டின் பக்கத்திலேயே சுற்ற விடுவது பிற்காலத்து வேலை. அதனால் அயனிகள் கூடும், படிவது வேகமாகும்.

அவளுடைய அண்ணன் துவாக்குடியில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறையில் வெல்டர். பாய்லர் ஆலை வந்த பிறகு திருவெறும்பூர், துவாக்குடிப் பக்கம் முளைத்த பட்டறைகளில் நம் பையன்கள் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். அன்றைக்குப் பாடசாலை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். ஆர்கான் என்றதும் உள்ளே வந்துவிட்டான்.

"ஆர்கான்னா நம்ம சிலிண்டரா?"

"அதேதாண்ணே."

"எதுக்கு ஆர்கான்? காத்து பட்டா உருகுன எடம் கறுத்துப் போயிரும்னா?"

"அதேதான். ஆர்கான் எதோடயும் ஒட்டாது. காத்துல இருக்க ஆக்சிஜன் ஒட்டிக்கிரும்."

அவன் அடுத்துக் கேட்டதுதான் முக்கியமான கேள்வி. "அந்தக் கலத்தை யாரு வெல்டு வச்சா?" எஃகுக் கலத்தின் மூட்டுகளை ஆர்கான் வெல்டிங்கில்தான் ஒட்டுகிறார்கள். ஊசி முனை அளவுக்கு ஓட்டை இருந்தாலும் வெற்றிடம் நிற்காது. பட்டறையில் தண்ணீரை ஏற்றிக் கசிவு பார்ப்பது போல, அங்கே வெளியிலிருந்து ஹீலியத்தை ஊதி, உள்ளே வருகிறதா என்று கருவி வைத்துப் பார்க்கிறார்கள். ஆக, அவள் ஆராய்ச்சியின் முதல் பாடம் அவள் அண்ணன் கைக்கு ஏற்கனவே தெரிந்த பாடம். மூளையால் செய்வது உயர்வு, கையால் செய்வது தாழ்வு என்று சொல்லித்தானே நம்மைக் கீழே வைத்தார்கள்? இந்த இயற்பியல் முழுக்கக் கைவேலை. போல்ட்டு முடுக்கத் தெரியாதவனுக்கு அங்கே மீக்கடத்தி கிடைக்காது.

இனி தூய்மைக்கு வருகிறேன். நாம் சுவாசிக்கும் காற்றின் அழுத்தம் 760 டோர். கலத்துக்குள் அதை ஒரு டோரில் கோடியில் ஒரு பங்குக்குக் கொண்டுவருகிறார்கள். வெளியே இருப்பதில் 760 கோடியில் ஒரு பங்கு. அதுவும் போதாது என்று இன்னும் கீழே போகிற கலங்களும் உண்டு. ஏன் இவ்வளவு பாடு? ஒரு டோரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு காற்று மிஞ்சினாலே, ஒரு பரப்பை ஓரடுக்கு முழுக்க மூடுவதற்கு வேண்டிய மூலக்கூறுகள் ஒவ்வொரு நொடியும் அதன் மேல் வந்து மோதும். நியோபியம் ஆக்சிஜனைக் கண்டால் விடாது. நூறு அணுவுக்கு ஒரு ஆக்சிஜன் அணு உள்ளே புகுந்தால், மீக்கடத்தும் வெப்பநிலை ஏறக்குறைய 0.9 கெல்வின் இறங்கிவிடும். அதனால்தான் முதல் சில நிமிடம் சிலிக்கான் துண்டை மூடி வைத்துவிட்டு நியோபியத்தைத் தெறிக்க விடுகிறார்கள். தகட்டின் மேலிருக்கும் துரு போகும். தெறித்த நியோபியம் கலத்தில் மிஞ்சிய ஆக்சிஜனையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

துண்டையும் கழுவ வேண்டும். முதலில் அசிட்டோன், பிறகு ஐசோபுரோபைல் ஆல்கஹால், பிறகு வடித்துச் சுத்திகரித்த தண்ணீர். ஒவ்வொன்றிலும் போட்டு மீயொலியால் அதிர வைத்து, நைட்ரஜனை ஊதி உலர்த்தி, இடுக்கியால் எடுக்க வேண்டும். விரல் படக் கூடாது. எந்த விரலிலும் எண்ணெய்ப் பசையும் வேர்வை உப்பும் இருக்கும். வெற்றிடத்தில் அது ஆவியாகிக்கொண்டே இருக்கும். கையுறை போடாமல் கலத்தின் உட்புறத்தைத் தொட்டால் பம்பு மணிக்கணக்கில் ஓடினாலும் அழுத்தம் இறங்காது.

பெண்ணின் அம்மா மாநகராட்சித் தூய்மைப் பணியாளர். காலையில் ஐந்தரை மணிக்கு வார்டுக்குப் போகிறவர். இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவர் மகளிடம் கேட்டார்:

"கழுவித் தொடைக்கிறதுக்கா இம்புட்டுப் படிச்ச?"

"ஆமாம்மா. மொத ஆறு மாசம் கழுவுறதுதான் படிப்பு."

"எல்லாருமா கழுவுறீங்க?"

"எல்லாரும்தான்."

"பெரிய சாரும்?"

"அவரே கலத்தைத் தொறந்தா அவரும் கையுறை போடணும்மா. யார் கை பட்டாலும் கெட்டுப் போயிரும்."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எங்களுக்கு இன்னும் கையுறை ஒழுங்கா வரல" என்றார்.

யார் கை பட்டாலும் கெட்டுவிடும் என்பதில் சாதியே இல்லை. வேதம் படித்த விரலிலும் அதே உப்பு, சாக்கடை அள்ளிய விரலிலும் அதே உப்பு. கையுறை எல்லோருக்கும் உண்டு. அழுக்கு எங்கே இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று அளக்கலாம். அளந்ததைக் கழுவலாம். கழுவியபின் அது போய்விட்டதா என்று மறுபடி அளந்து பார்க்கலாம். எங்கள் அம்மா, பாட்டி மேல் சுமத்திய தீட்டை எந்தக் கருவி அளந்தது? எந்த நீரில் கழுவினால் அது போகும்? 1948இல் வெளிவந்த 'தீண்டப்படாதவர்கள்' நூலில் பாபாசாகேப் அம்பேத்கர் இதைப் பிரித்துக் காட்டுகிறார். பிறப்பு, இறப்பு என்று வரும் தீட்டு உலகத்தில் பல சமூகங்களில் இருந்தது. அது சில நாளில், சில சடங்கில் நீங்கிவிடும். தீண்டாமை அப்படியல்ல, அது ஒரு கூட்டத்தின் மேல் பிறப்பால் விழுகிறது, தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது, எந்தச் சடங்காலும் நீங்குவதில்லை. நீங்கவே நீங்காத அழுக்கு அழுக்கே அல்ல, அதிகாரம் என்பதை ஆய்வுக்கூடத்து நோட்டை வைத்தே நம் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடலாம்.

இன்னொன்றும் அவள் சொன்னாள். விரோதி என்று விரட்டிய அதே ஆக்சிஜனைப் பிறகு கூப்பிட்டு உள்ளே விடுகிறார்கள். இரண்டு நியோபியப் படலங்களுக்கு நடுவே மெல்லிய அலுமினியத்தைப் படிய வைத்து, அதன் மேல் அளந்து ஆக்சிஜனை விட்டால், ஒன்றிரண்டு நானோமீட்டர் கனத்துக்கு அலுமினிய ஆக்சைடு உண்டாகும். அது மின்சாரம் கடத்தாத சுவர். ஆனாலும் மீக்கடத்தியின் எலக்ட்ரான் இணைகள் அந்தச் சுவரை ஊடுருவிப் போய்விடும் என்று 1962இல் ஜோசப்சன் கணித்தார். அப்படிப்பட்ட சந்திகளை வைத்துச் செய்வதுதான் ஸ்குவிட் என்ற காந்த உணரி. நம் கல்பாக்கத்தில், இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில், நியோபியத்தில் இதைச் செய்து, மனித மூளையிலிருந்து வரும் காந்தப்புலத்தையே அளந்திருக்கிறார்கள். பூமியின் காந்தப்புலத்தைவிடக் கோடிக்கணக்கான மடங்கு சிறியது அது. 1987இல் வந்த பீங்கான் மீக்கடத்தியிலோ, படலத்தில் இருக்கும் நுண்ணிய குறைகள்தான் காந்தச் சுழல்களை நகர விடாமல் பிடித்து வைக்கின்றன. அதனால் குறையுள்ள படலம், மாசில்லாத தனிப்படிகத்தைவிடப் பல மடங்கு அதிக மின்னோட்டத்தைத் தாங்குகிறது. எதையும் அண்ட விடாமல் காப்பதுதான் மேன்மை என்ற பேச்சு இயற்பியலில்கூட எல்லா இடத்திலும் செல்லாது.

இப்படிச் சொன்னால் ஆய்வுக்கூடம் சமத்துவபுரம் போலத் தோன்றும். அங்கேயும் மனிதர்கள்தான் இருக்கிறார்கள். அவள் சேர்ந்த ஆய்வுக்கூடத்தில் துண்டு கழுவுவதும் கலத்தைத் திறந்து துடைப்பதும் எல்லா மாணவர்களுக்கும் முறை வைத்த வேலை. கொஞ்சம் கொஞ்சமாக அது அவள் ஒருத்தி வேலையாக ஆனது. கலத்தின் உட்சுவரில் படிந்து உரிந்து தொங்கும் உலோகச் செதிலைத் துடைப்பது, பம்பின் எண்ணெயை மாற்றுவது எல்லாம் அவள் தலையில். கருவியை ஓட்டும் நேரம் மட்டும் மற்றவர்களுக்கு. அவளுக்கு இரவு பதினொரு மணிக்கு மேல். ஒருநாள் கூடப் படித்தவன் ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னானாம்: "உனக்கு இது கைவந்த வேலைதானே." அம்மாவின் வேலை என்ன என்று விடுதிப் படிவத்தில் எழுதியிருந்தாள். அது எப்படியோ வெளியே போயிருந்தது.

அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. ஒவ்வொரு முறை கருவி ஓடும்போதும் நோட்டில் எழுத வேண்டும் என்பது எல்லா ஆய்வுக்கூடத்திலும் உள்ள விதி. தேதி, தொடக்க அழுத்தம், ஆர்கான் அழுத்தம், மின்திறன், நேரம், ஓட்டியவர் பெயர். அவள் அதில் ஒரு கட்டம் கூடப் போட்டாள்: 'கழுவியவர்'. பேனாவும் அடிக்கோலும் வைத்துப் போட்ட ஒரு கட்டம், அவ்வளவுதான். நான்கு மாதம் அந்தக் கட்டத்தில் அவள் பெயர் மட்டுமே நிறைந்தது. பக்கத்தில், ஓட்டியவர் கட்டத்தில் மற்ற எல்லோர் பெயரும். அவள் ஊருக்கு வந்திருந்த பத்து நாளில் 'கழுவியவர்' கட்டம் காலியாக இருந்தது. அந்த நாட்களில் தொடக்க அழுத்தம் எண்ணிலேயே ஏறிக் கிடந்தது. அந்தப் பக்கங்களைப் படியெடுத்து, ஒரு விண்ணப்பத்தோடு மேலே கொடுத்தாள். அதில் சாதி என்ற சொல்லே இல்லை. முதலில், நோட்டில் கண்டதையெல்லாம் எழுதக் கூடாது என்று அவளைக் கண்டித்தார்கள். எழுதியது பொய்யா என்று கேட்டாள். பதில் இல்லை. மூன்று வாரம் கழித்துச் சுவரில் முறைப்பட்டியல் ஒட்டினார்கள். கழுவுவதற்கும் முறை, ஓட்டுவதற்கும் முறை. பகலில் நேரம் கிடைத்தது. அந்த ஆண்டு அவள் செய்த படலம் 9.1 கெல்வினில் தடையை இழந்தது. "ஒண்ணு விட்டு ஒண்ணா அஞ்சு தடவை அளந்தேங்க்கா, மாறவே இல்ல" என்றாள்.

எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. சேலம் மாவட்டத்திலிருந்து ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்துக்கு இதே இயற்பியலில் ஆராய்ச்சி செய்யப் போன செந்தில்குமார், பன்றி வளர்க்கும் பன்னியாண்டி சமூகத்தைச் சேர்ந்தவர். அவருக்கு நெறியாளரே ஒதுக்கப்படவில்லை. 2008 பிப்ரவரியில் அவர் உயிர் போனது. அதே பல்கலைக்கழகத்தில் 2016 ஜனவரி 17 அன்று ரோஹித் வெமுலா போனார். அறிவியலை எழுத ஆசைப்பட்டவர் அவர். திருவானைக்காவலில் 1888இல் பிறந்த சி.வி. ராமனைப் பற்றி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பெருமையாகச் சொல்வார்கள், சொல்லட்டும். நான் கூடவே மேகநாத் சாஹாவையும் சொல்கிறேன். வெப்பத்தில் வாயு எவ்வளவு அயனியாகும் என்பதற்கு 1920இல் சமன்பாடு தந்தவர். கல்கத்தாவில் படித்த காலத்தில், தாழ்ந்த சாதி என்று விடுதியில் கூட உட்கார்ந்து சாப்பிட விடாமல் ஒதுக்கப்பட்டவர்.

ஸ்ரீரங்கத்தில் ஒரு பழைய கதை உண்டு. உறையூர்ப் பாணர் காவிரியின் தென்கரையிலேயே நின்று பாடிக்கொண்டிருந்தார், தீவுக்குள் கால் வைக்கவில்லை. தீர்த்தம் எடுக்க வந்த லோகசாரங்கர் என்ற கோயில்காரர், வழியை விட்டு விலகவில்லை என்று அவர் மேல் கல்லை எறிந்தார். ரத்தம் வந்தது. பிறகு பெருமாள் கனவில் வந்து சொன்னதால் அவரையே தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். பாணர் ஆழ்வார் ஆனார். வைணவர்கள் இதைச் சமத்துவக் கதை என்கிறார்கள். நமக்கு இரண்டு கேள்விகள் உண்டு. அவர் ஏன் சொந்தக் காலில் நடந்து போகவில்லை? உள்ளே போனவர் பெருமாளோடு கலந்துவிட்டார் என்கிறார்களே, ஏன் திரும்பி வரவில்லை? நந்தன் கதையிலும் இதேதான். நம்ம ஆளு உள்ள போனா கரைஞ்சு போயிரணும். 1939இல் சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் வந்து கோயில் கதவுகள் திறக்கத் தொடங்கின. ஆராய்ச்சிக் கூடங்களின் கதவு இட ஒதுக்கீட்டால் திறந்திருக்கிறது. தோளில் தூக்கிப் போனதாகவே அங்கே இன்னும் பேசுகிறார்கள். செந்தில்குமாரும் ரோஹித்தும் திரும்பி வரவில்லை.

ஆகவே ஆராய்ச்சியில் இருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். கருவி நேரம் யாருக்குப் போகிறது, நெறியாளர் யாருக்கு எப்போது ஒதுக்கப்படுகிறார், கழுவுவது யார், ஓட்டுவது யார், கட்டுரையில் யார் பெயர் முதலில் வருகிறது, இதையெல்லாம் தேதி போட்டு எழுதி வையுங்கள். அழுத்தத்தை எழுதுவது போல எழுதுங்கள், உணர்ச்சி வேண்டாம், எண் போதும். இயக்கத் தோழர்கள் ஒவ்வொரு பல்கலைக்கழகத்திலும் அந்தப் பட்டியலைப் பகிரங்கமாக ஒட்டும்படி கேட்க வேண்டும். இரவுப் பாடசாலைகளில் பத்தாம் வகுப்புக் கணக்கோடு வெற்றிடமும் மீக்கடத்தியும் தமிழில் சொல்லித்தர வேண்டும். சொல் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம், உட்கார்ந்தால் கிடைக்கிறது.

எங்கள் பாடசாலையில் இப்போது ஒன்பதாவது படிக்கிற பிள்ளைகள் ஐந்து பேர் அந்தக் கலத்தை நேரில் பார்க்க வேண்டும் என்கிறார்கள். அடுத்த லீவில் கூட்டிப் போவதாக அவள் சொல்லியிருக்கிறாள். கூடவே அவள் அம்மாவும் வருகிறார். எந்தக் கையுறை கொடுக்கிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம்.